பொய்கை சந்தையிலிருந்து மாட்டை நடத்தி ஓட்டி வருவதென்றால்

வேலூர் பக்கத்துப் பொய்கையில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை. மாடு பிடித்த கையோடு குட்டியானையில் ஏற்றிவிடுவது இப்போதைய வழக்கம். வீடு பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்தால் நடத்தி ஓட்டி வருவதே நல்லது. வண்டி குலுங்கும்போது கால் சறுக்கி விழுந்து இடுப்பு பிசகிய மாட்டை எழுப்புவது பெரும்பாடு. தவிர, நொண்டலோ இரைப்போ இருந்தால் முதல் இரண்டு கிலோமீட்டர் நடையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். விற்றவரிடம் திரும்பிப் போய்க் கேட்கலாம்.

மாடு மணிக்கு மூன்று, மூன்றரை கிலோமீட்டர் நடக்கும். கால்நடைகளை நடத்திச் செல்வதற்கென்று மத்திய அரசு 2001-இல் விதி போட்டிருக்கிறது: பசு, காளைக்கு ஒரு நாளில் 30 கிலோமீட்டர், எருமைக்கு 25, கன்றுக்கு 16. பெரிய மாட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தீனி. சூரியன் உதிக்குமுன்னும் மறைந்த பின்னும் நடத்தக் கூடாது. 30 என்பது உச்ச வரம்பு. முந்தின நாள் முழுக்கச் சந்தையில் நின்று, தீனி சரியாக எடுக்காமல், பழகாத மாடுகளோடு முட்டிக்கொண்டு வந்த மாட்டுக்குப் பதினைந்துக்கு மேல் ஆகாது.

அதே விதியில் பெரிய மாட்டை நடத்த வெப்பம் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்றும் இருக்கிறது. சித்திரை, வைகாசி வேலூர் வெயிலில் காலை ஒன்பதுக்கெல்லாம் அதைத் தாண்டிவிடும். அதனால் வாங்கிய அன்றைக்கே கிளம்ப வேண்டாம். பக்கத்தில் ஒரு தோப்பில் கட்டி, வயிறு நிறையத் தண்ணீரும் வைக்கோலும் காட்டி, புதன்கிழமை சூரியன் உதித்ததும் புறப்படுங்கள். கறவையானால் முதலில் பாலைக் கறந்துவிடுங்கள். மடி கனத்த மாடு காலை அகட்டி நடந்து சீக்கிரம் சோர்ந்துவிடும்.

தண்ணீர்க் கணக்கில்தான் பலரும் தவறுகிறார்கள். கறவை வற்றிய மாட்டுக்கே கோடையில் நாளுக்கு 40 லிட்டருக்குக் குறையக் கூடாது. பால் மாட்டுக்கு, கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் மேற்கொண்டு மூன்று, நாலு லிட்டர். வழியில் எந்த மோட்டார் கொட்டகை, எந்தத் தொட்டி என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். ஏரி வறண்டிருக்கும், பாலாறு சொல்லவே வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிய கிணறுகள் உண்டு. மாடு முகர்ந்து பார்த்து மூக்கைத் திருப்பினால் வற்புறுத்தாதீர்கள். இரைத்துக்கொண்டு நிற்கும் மாட்டை முதலில் நிழலில் ஓரிரு நிமிஷம் விட்டு, அரை வாளி காட்டுங்கள். மூச்சு இறங்கிய பிறகு மீதி. நாக்கு தொங்கி, எச்சில் ஒழுகி, விலாப் படபடவென்று அடித்தால் நடை அன்றைக்கு முடிந்தது. காலிலிருந்து தொடங்கி உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றுங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றவே கூடாது. இரைக்கிற மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

பாலாற்று மணல் காலுக்கு மெத்தென்று இருக்குமே என்று இறக்கிவிடத் தோன்றும். மணலில் குளம்பு புதையப் புதைய இரட்டிப்பு உழைப்பு; மணல் அள்ளிய பள்ளம் வேறு; எல்லாவற்றுக்கும் மேல் வேலிகாத்தான் எனும் சீமைக் கருவேல முள். கரையோர மண்தடமே மேல். தார் ரோட்டைக் கடந்துதான் ஆக வேண்டுமென்றால் புறங்கையை ரோட்டில் வைத்துப் பாருங்கள். ஐந்து நொடி வைக்க முடியவில்லையா, மாட்டின் குளம்புக்கும் ஆகாது.

முள் ஏறினால் மாடு அந்தக் காலின் நுனியை மட்டும் ஊன்றும். பெரும்பாலும் குளம்பின் இரண்டு பிளவுக்கும் நடுவே, பின்பக்கச் சதையில்தான் இருக்கும். முன்னங்காலை மடக்கித் தூக்கி, சேற்றைக் கழுவி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு இடத்தில் காலை வெடுக்கென்று இழுக்கும். அங்கேதான் முள். ஏறிய வாக்கிலேயே இடுக்கியால் நேராக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் முனை உள்ளே ஒடிந்து சீழ் கட்டும். எடுத்த இடத்தில் டிங்சர் அயோடின்.

உழவு மாட்டுக்கு லாடம் கட்டுவதானால் புறப்பாட்டைத் தள்ளிவைத்து, கட்டி இரண்டு நாள் கழித்தே கிளம்புங்கள். காலுக்கு இரண்டு, ஆக எட்டு லாடம். ஆணி குளம்பின் ஓரச் சுவரில் மட்டும் இறங்க வேண்டும். கொஞ்சம் உள்ளே போனாலும் குளம்பு சுடும், மாடு நொண்டும். அந்த ஒரு ஆணியைப் பிடுங்கிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஓட்டுகிறவர் நேர் பின்னால் நடக்கக் கூடாது. அங்கே மாட்டுக்குக் கண் தெரியாது, மிரண்டால் உதைதான். தொடைக்குப் பக்கவாட்டில், நாலு முழம் தள்ளி நடந்தால் தானே போகும். அதன் தோளைத் தாண்டி நீங்கள் முன்னே வந்தால் நின்றுவிடும். கம்பைவிட இந்த இடம் மாறுவதுதான் வேலை செய்யும். சாதுவான பழைய பசு ஒன்றை முன்னே விட்டு, கயிற்றோடு ஒருவர் அதனுடன் போகட்டும், மற்றவை பின்தொடரும். பிடிப்பது தலைக்கயிறாக இருக்கட்டும். லாரி ஹாரனுக்கு மிரண்டு திமிறும்போது மூக்கணாங்கயிறு மூக்கை அறுத்துவிடும். நெடுஞ்சாலையை ஒருவராகக் கடக்க முயலவே வேண்டாம், குறைந்தது மூன்று பேர். சந்தைக்குப் பக்கத்திலேயே விரிஞ்சிபுரத்தில் வழித்துணைநாதர் கோயில் கொண்டிருக்கிறார். கும்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களும் ஆள் துணையைக் குறைக்கக் கூடாது.

வழித் தீனியில் ஒரு எச்சரிக்கை. மழையில்லாமல் வாடி, பிறகு துளிர்த்த இளம் சோளப்பயிரில் விஷம் இருக்கும். நாலு வாய் கடித்தாலே மாடு மூச்சுத் திணறி விழலாம். வரப்போரம் போகும்போது வாய்க்கூடு போட்டுவிடுங்கள்.

சந்தை ரசீதும் மருத்துவர் சான்றும் சட்டைப் பையில் இருக்கட்டும். காதுத் தோட்டில் உள்ள 12 இலக்க எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். வீடு சேர்ந்ததும் மற்ற மாடுகளோடு கட்டாமல் 21 நாள் தனித் தொட்டி, தனி வாளி. வாயில் நுரை, குளம்பிடுக்கில் கொப்புளம் தெரிகிறதா என்று தினமும் பாருங்கள். வந்து சேர்ந்த அன்றைக்கு முதலில் தண்ணீர், பிறகு வைக்கோல். தவிடும் பிண்ணாக்கும் மறுநாள் காலையில், வழக்கத்தில் பாதி.