செல்விக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ்

பெயர்ப் பட்டியலில் கிடக்கும் வேண்டாத ஸ்பேஸ்களை ஷெல் ஸ்கிரிப்டில், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டும் சின்ன நிரலில், எப்படி நீக்குவது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. எது வேண்டாதது என்பதில்தான், கணக்கு பார்க்கும் அக்காவோடு பேசிய அந்த மதியத்துக்குப் பிறகு, மனம் ஒரு நிலைக்கு வரவில்லை.

பனியன் கம்பெனியின் சனிக்கிழமைச் சம்பளம் எப்படிப் போகும் என்று திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கவரில் பணம் போட்டுத் தருவது போய் பேங்க்குக்கு ஃபைல் ஏற்றும் முறை வந்ததும், சூப்பர்வைசர்கள் தரும் ஷிப்ட் கணக்கும் ஆபீஸில் இருக்கும் அக்கவுன்ட் பட்டியலும் பெயரை வைத்துப் பொருந்த வேண்டியிருந்தது. பொருந்தாது. ஒருவர் இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவே இரண்டு ஸ்பேஸ் விட்டிருப்பார். இன்னொருவரின் ஃபைல் விண்டோஸில் சேமித்தது, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கேரேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டியிருக்கும். வாரா வாரம் அக்கா இதையெல்லாம் எக்செல்லில் கையால் திருத்திக்கொண்டு ராத்திரி வரை உட்கார்ந்திருப்பார். அந்தப் பாரத்தைக் குறைக்கத்தான் ஸ்கிரிப்ட்.

இணையத்தில் பலர் சொல்லும் சுருக்குவழி எக்ஸ்ஆர்க்ஸ் (xargs) என்ற கட்டளை வழியாகப் பெயரை அனுப்புவது. முன்னும் பின்னும் உள்ள ஸ்பேஸ் போய்விடும், நடுவில் இருப்பதும் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆனால் பெயரில் டி'சோசா மாதிரி ஒற்றை மேற்கோள் இருந்தால் ஜோடி இல்லை என்று பிழை சொல்லி நின்றுவிடும். எழுத்தை மாற்றவும் நீக்கவும் உள்ள டிஆர் (tr) கட்டளையில் ஸ்பேஸை நீக்கச் சொன்னால் இனிஷியலும் பெயரும் ஒட்டிக்கொள்ளும். லினக்ஸில் அது எழுத்தைப் பார்ப்பதில்லை, எழுத்தைக் கம்ப்யூட்டர் சேமிக்கும் சின்னத் துண்டான பைட்டைத்தான் பார்க்கிறது. எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் யூனிகோடில் அகலமே இல்லாத ஸ்பேஸ் ஒன்று உண்டு. அதன் மூன்று பைட்டுகளையும் டிஆரிடம் கொடுத்து நீக்கச் சொன்னால், ஈகாரக் குறியின் கடைசி பைட்டும் ஓகாரக் குறியின் கடைசி பைட்டும் அவற்றில் ஒன்றாகவே இருப்பதால் அவையும் சேர்ந்து காணாமல் போகும். சீதாவும் மோகனாவும் உடைந்து நிற்பார்கள். அதனால் வரி வரியாகத் திருத்தும் செட் (sed) கட்டளையில் வரியின் தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று, நடுவில் சுருக்க ஒன்று என எழுதினேன். ஸ்பேஸ் வகை என்று அது எடுத்துக்கொள்வதில் டேபும் கேரேஜ் ரிட்டர்னும் அடங்கும். வெப் பக்கத்திலிருந்து காப்பி செய்யும்போது வருகிற, வரி உடையாத ஸ்பேஸ் மட்டும் அதில் அடங்காது. அதைத் தனியாகச் சாதாரண ஸ்பேஸாக மாற்றினேன்.

எதைச் சுத்தம் செய்தாலும் முன்னும் பின்னும் எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். அக்கவுன்ட் பட்டியலில் சுத்தம் செய்வதற்கு முன் எந்தப் பெயரும் இரண்டு முறை வரவில்லை. செய்த பின் பெ. செல்வி இரண்டு முறை வந்தது, இரண்டு வேறு அக்கவுன்ட் நம்பரோடு. பட்டியலை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.

"அது நான் வெச்ச ஸ்பேஸுங்க தம்பி. ஓவர்லாக் செல்விக்கு இல்லை, செக்கிங் செல்விக்கு உண்டு" என்றார்.

எக்செல் தேடலில் பெயர் அப்படியே பொருந்த வேண்டும் என்று சொல்லியிருந்தால், பின்னால் ஒரு ஸ்பேஸ் இருந்தாலும் அது வேறு பெயர்தான். இருவருக்கும் இனிஷியலும் ஒன்றே. அக்கா கண்டுபிடித்த வழி அது. அதை வைத்து ஒருத்தி சம்பளம் இன்னொருத்திக்குப் போகாமல் இத்தனை காலம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"கண்ணுக்குத் தெரியாததை நம்பி வைக்கக் கூடாதுங்கக்கா" என்றேன்.

"எனக்குத் தெரியுதுங்களே தம்பி."

அவ்வளவுதான் பேச்சு. கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த மேனேஜர், ஆளுக்கு ஒரு நம்பர் போட்டுவிடலாம் என்று சொன்னார். நான் தலையாட்டினேன்.

நான் சொன்னது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நோம்பிக்கு அக்கா நாலு நாள் ஊருக்குப் போனால் எந்தச் செல்வி எந்தச் செல்வி என்று யாருக்குத் தெரியும்? நான் நீக்காவிட்டாலும் ஷெல்லே நீக்கியிருக்கும். ரீட் (read) கட்டளையில், எந்தக் குறியில் வரியைப் பிரிப்பது என்று சொல்லும் ஐஎஃப்எஸ்ஸை (IFS) மாற்றாமல் ஒரு வரியைப் படித்தால் முன்னும் பின்னும் உள்ள ஸ்பேஸ் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். படித்ததை வைத்திருக்கும் மாறியை (variable) மேற்கோள் குறி போடாமல் எழுதினால் நடுவில் உள்ளதும் சுருங்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தியின் கூலியை ஒரு ஸ்பேஸின் மேல் நிறுத்தி வைப்பது ஆபத்து. பிரிவையும் சேர்த்துப் பார்க்கலாம் என்றால், ஆர்டர் நெருக்கும்போது ஆள் பிரிவு மாறுவது சகஜம். நம்பர்தான் வழி.

ஆனால் தெரியாதது என்று எந்த நியாயத்தில் சொன்னேன்? கம்ப்யூட்டருக்கு அது தெரிந்தது. அதன் கணக்கில் ஸ்பேஸும் ஒரு பைட், 'செ'வின் பைட்டுகளைப் போலவே முழுசாக இருக்கும் ஒன்று. அக்காவுக்கும் தெரிந்தது. திரையைப் பார்த்துவிட்டு இரண்டும் ஒன்று என்று சொன்னது நான் மட்டும்தான். வேண்டாத ஸ்பேஸ் என்று ஒரு வகையை நான் முதலிலேயே வைத்துக்கொண்டு வந்தேன், பட்டியல் அதற்குப் பின்னால்தான் வந்தது. எண்ணிப் பார்க்கும் பழக்கம் இருந்ததால் சம்பளம் தப்பியது. அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்கிறேன், ஒரு நாள் முழுக்கத் தேறுகிறது, அப்புறம் "எனக்குத் தெரியுதுங்களே" திரும்ப வருகிறது. 'உங்களுக்குத் தெரியும்கா, உங்களுக்கு அடுத்து வர்றவங்களுக்குத் தெரியணும்' என்று சொல்லியிருந்தால் அதே முடிவுதான் வந்திருக்கும். அவருடைய வேலை ஒரு குப்பை என்ற மாதிரி ஆகியிருக்காது. ஆகவில்லை என்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது. அவர் அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

ஸ்கிரிப்டில் ஒரு சோதனை சேர்த்தேன். சுத்தம் செய்த பிறகு இரண்டு பெயர் ஒன்றானால் மேற்கொண்டு போகாது, இரண்டு வரியையும் காட்டிவிட்டு நிற்கும். நம்பர் வந்த பிறகு அதற்கு அவசியமில்லை. இருந்தும் எடுக்கவில்லை.

பிறகு அயர்னிங்குக்கு இன்னொரு பெ. செல்வி வந்து சேர்ந்தார். நம்பர் போட்டாச்சா என்று கேட்டேன். "போட்டாச்சுங்க தம்பி" என்றார் அக்கா. ஃபைலை, ஒவ்வொரு பைட்டையும் காட்டும் ஓடி (od) கட்டளையில் போட்டுப் பார்த்தேன். நம்பர் இருந்தது, பெயருக்குப் பின்னால் இரண்டு ஸ்பேஸும் இருந்தன. ஸ்கிரிப்ட் நம்பரை எடுத்துக்கொண்டு ஸ்பேஸை நீக்கியது. அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.