ஆக்ஸிஜன் 97, சோடியம் 112

2022 பொங்கல் வாரத்தில் எனக்கும் அம்மாவுக்கும் கொரோனா பாசிட்டிவ் வந்தது. மூன்றாவது அலை நேரம். அம்மாவுக்கு வயது 71, பிரஷர் உண்டு. மூன்று வேளையும் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்ப்பேன். 96, 97-க்குக் கீழே இறங்கவே இல்லை. அந்தத் தைரியத்தில் வீட்டிலேயே இருந்தோம்.

சாப்பாடுதான் உள்ளே போகவில்லை. அதற்கு ஈடாக வெந்நீர், கபசுரக் குடிநீர், சுக்குக் காபி என்று மணிக்கொரு தரம் கொடுத்துக்கொண்டே இருந்தேன். காய்ச்சலுக்குத் தண்ணீர் நிறையக் குடிக்கணும் என்றுதானே எல்லோரும் சொல்கிறோம். ஐந்தாம் நாள் குமட்டலும் தலைவலியும் வந்தன, நடை தள்ளாடியது. காய்ச்சல் களைப்பு என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு, முழு ஊரடங்கு. காலையில் இட்லியைப் பிட்ட அம்மா அதைச் சட்னியில் தொடாமல் தண்ணீர் டம்ளருக்குள் முக்கினார். ஊறிக் கரைந்ததை விரலால் துழாவிக்கொண்டே என்னைப் பார்த்து, "அக்கா, எப்ப வந்தே?" என்றார். பெரியம்மா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஆக்ஸிமீட்டரைப் பார்த்தேன், 97. உடனே 108-க்கு போன் செய்தேன்.

எமர்ஜென்சியில் இருந்த டாக்டர் முதலில் கேட்டது பிரஷர் மாத்திரை அட்டையைத்தான். அதில் நீர் பிரியும் மருந்தும் சேர்ந்திருந்தது. அரை மணியில் ரிசல்ட் வந்தது: ரத்தத்தில் உப்புச் சத்தான சோடியம் 112. 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது.

"உப்புக் கரைசல் கொடுத்திருக்கலாமோ டாக்டர்?" என்று கேட்டேன். ரசத்தில் தண்ணீர் கூடிப்போன மாதிரி என்றார் அவர். நுரையீரல் தொற்றில், சிறுநீரைக் குறைக்கச் சொல்லும் ஹார்மோன் தேவையில்லாமல் சுரக்கும். குடிக்கிற தண்ணீர் வெளியேறாமல் தங்கி, ரத்தத்தில் சோடியத்தை நீர்க்க வைக்கும். கூடவே அந்த மாத்திரையும் சோடியத்தை வெளியேற்றிக்கொண்டிருந்தது. மூளை செல்கள் நீர் கோத்து வீங்குவதால்தான் இந்தக் குழப்பம். இன்னும் இறங்கினால் வலிப்பு வரும்.

மாத்திரையை நிறுத்தினார்கள். 3 சதவீத சலைனை, அதாவது அடர்த்தியான உப்பு நீரை, பம்பில் மாட்டினார்கள். எனக்கும் பாசிட்டிவ் என்பதால் கூடவே இருக்க விட்டார்கள். அந்த இரவை மறக்க முடியாது. சொட்டு அவ்வளவு மெதுவாக இறங்கியது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். 112, 114, 116. பொறுக்க முடியாமல், கொஞ்சம் வேகமாக ஏற்றக் கூடாதா என்று நர்ஸ் அக்காவிடம் கேட்டேன். "கூடாதும்மா. ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல ஏறவிடக் கூடாதுன்னு டாக்டர் எழுதியிருக்கார்" என்றார். சட்டென்று ஏற்றினால் மூளைத்தண்டு கெட்டு, சில நாள் கழித்துப் பேச்சும் கைகால் அசைவும் போய்விடலாமாம். மாத்திரையை நிறுத்தியதும் சிறுநீர் நிறையப் பிரிந்து சோடியம் தானாகவே குதிக்கவும் கூடும் என்பதால் யூரின் பையையும் மணிக்கொரு தரம் அளந்து எழுதினார். ஒவ்வொரு முறை டார்ச் அடித்துப் பையின் அளவுக் கோட்டைப் பார்க்கும்போதும் அம்மாவின் நெற்றியைத் தொட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்.

மறுநாள் மதியம் 119. மூன்றாம் நாள் 126. அன்று காலை அம்மா கண் விழித்து, "ஏன்டி தலை வாராம உக்காந்திருக்கே?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

131-இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். காபி, ரசம், மோர் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு லிட்டர்தான். பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது 136.

வயதானவர்கள் சளிக் காய்ச்சலில் படுத்திருந்து, பேச்சு சம்பந்தமில்லாமல் போனால் தூங்கினால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், சோடியம் பார்த்தீர்களா என்று கேளுங்கள். சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். அம்மாவின் பழைய அட்டையை நான் இன்னும் அந்த ஃபைலிலேயே வைத்திருக்கிறேன்.