காலகண்டருக்கு இட்லி இல்லை

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் வைகாசித் திருவிழா என்றால் நாடகம் உண்டு. மதுரை சுண்ணாம்புக்காரத் தெருவில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நாடக நடிகர் சங்கம் இருக்கிறதே, அங்கே போய்த்தான் ஆள் பேசி முன்பணம் கொடுத்துவிட்டு வருவார்கள். நான் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு வருடம் அரிச்சந்திரா போட்டார்கள்.

ராத்திரி பத்தரைக்கு ஆர்மோனியம் எழும்பியது. பபூன், டான்ஸ் எல்லாம் முடிந்து கதைக்குள் போவதற்கே நடுச்சாமம் ஆகிவிடும். இளவட்டங்கள் பபூனோடு கிளம்பிவிடுவார்கள். பாய் விரித்து உட்கார்ந்த கிழவிகள் மட்டும் அசைய மாட்டார்கள். அவர்கள் வந்ததே மயான காண்டத்துக்கு அழத்தான்.

காலகண்டராக வந்தவர் கெட்டிக்காரர். விலைக்கு வாங்கிய சந்திரமதியை ஏசுகிறார், பச்சைப்பிள்ளை லோகிதாசனைத் தருப்பை அறுக்கவும் விறகு பொறுக்கவும் காட்டுக்கு விரட்டுகிறார். பாம்பு கடித்துப் பிள்ளை செத்த பிறகும், 'இருக்கிற வேலையை முடித்துவிட்டுப் போ' என்கிறார். முன்வரிசையில் இருந்து எங்கள் அப்பத்தா மண்ணை வாரித் தூற்றியது. அதற்கடுத்து, கால் பணமும் முழத்துண்டும் இல்லாமல் பிணத்தை எரிக்க விடமாட்டேன் என்று அரிச்சந்திரன் நிற்க, சந்திரமதி மேடையை விட்டிறங்கி மடியேந்தி வந்தாள். அப்பத்தா சுருக்குப் பையை அவிழ்த்து ஐம்பது ரூபாய்த் தாளைப் போட்டது. பேரன் பஸ்ஸுக்குக் கேட்டால் பத்து ரூபாய்க்குப் பத்துக் கேள்வி கேட்கிற பை அது.

இதில் கேலி செய்ய ஒன்றுமில்லைதான். சிறு வயதில் அரிச்சந்திர நாடகம் பார்த்துவிட்டு, அதை நினைத்து நினைத்து அழுததாகக் காந்தியே சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். 1921-இல் அவர் மதுரை மேலமாசி வீதியில் அரையாடைக்கு மாறியபோது அந்த முழத்துண்டும் ஞாபகத்துக்கு வந்திருக்குமோ என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு.

விடிந்தது. நடிகர்கள் அரிதாரத்தைக் கழுவிவிட்டு நேரே அப்பத்தாவின் இட்லிக்கடைக்கு வந்தார்கள். அரிச்சந்திரனுக்கு ராஜ உபசாரம். "தின்னுய்யா, எத்தன நாளு பட்டினியோ" என்று கேட்காமலே ஆறு இட்லி, மேலே கறிக்குழம்பு. அந்த மனிதர் அதுவரை வாசலில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, பேசிய பணத்தில் குறைத்துவிட்டார்கள் என்று விழாக் கமிட்டியை வண்டை வண்டையாகத் திட்டிக்கொண்டிருந்தவர். அதெல்லாம் அப்பத்தா காதில் ஏறவே இல்லை.

கடைசியாக ஒருவர் வந்து உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்தார். அப்பத்தா உற்றுப் பார்த்தது.

"நீதான காலகண்டன்?"

"ஆமாத்தா."

"எந்திரி. ஒனக்கு இட்லி இல்ல."

"பசிக்குதுத்தா!"

"அந்தப் புள்ளைக்கும் பசிச்சிருக்கும்ல? காட்டுக்கு வெரட்டுனப்ப தெரியலயா?"

லோகிதாசனாக வந்த பையன் பக்கத்து இலையில் ஏழாவது இட்லியில் இருந்தான். அவன் தலையை நிமிர்த்தவே இல்லை.

சத்தம் கேட்டுப் பெரியப்பா ஓடி வந்தார். அவர் தமிழாசிரியர். "ஏம்மா, கதைம்மா அது! கதைக்குப் போயி..." என்று ஆரம்பித்தார்.

"கதையப் பத்தி நீ பேசாத அரவிந்தா" என்றது அப்பத்தா. பெரியப்பா அடங்கிவிட்டார்.

அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' கல்கியில் தொடராக வந்தபோது, பூரணி என்றும் அரவிந்தன் என்றும் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த வீடுகள் ஏராளம். எங்கள் தாத்தா அவசரக்காரர். தொடர் முடிவதற்குள் மூத்த மகனுக்கு அரவிந்தன் என்று பெயர் வைத்துவிட்டார். கதையில் ஆசிரியர் அரவிந்தனைச் சாகடித்துவிட்டார். தாத்தா இரண்டு வேளை சாப்பிடவில்லையாம். எழுத்தே தெரியாத அப்பத்தா, கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, எழுதினவர் குடும்பத்துக்கே சாபம் விட்டதாம். அதற்கப்புறம் பெரியப்பாவுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் வீட்டில் நா.பா.வுக்கு ஏச்சு விழும்.

பெரியப்பா என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "இளிவே இழவே அசைவே வறுமை" என்றார். அழுகைக்குத் தொல்காப்பியர் சொன்ன காரணங்கள் நான்கு. அவமானம், இழப்பு, நிலை தாழ்தல், வறுமை. "அரிச்சந்திரன் கதையில நாலும் இருக்குடா. அடிமையா வித்தாங்க, புள்ள செத்துச்சு, ராசா வெட்டியானானான், கால் பணத்துக்கு வக்கில்ல. அம்மா என்ன பண்ணும்?" என்றார். சும்மா சொல்லக் கூடாது, நான் வகுப்பில் கேட்ட எந்தப் பாடமும் அப்படி மனசில் ஒட்டவில்லை. இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதையை எழுதினார்களா, கதையைப் பார்த்து அழுதவர்களை எண்ணி இலக்கணம் எழுதினார்களா என்று கேட்டேன். அதற்குள் அவர் அம்மாவிடம் சமாதானம் பேசப் போய்விட்டார்.

வெளியே போன காலகண்டர் கோபப்படுவார் என்று பார்த்தால், கூட வந்த ஆர்மோனியக்காரரிடம் பூரித்துப்போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாத்தீங்களாண்ணே, எனக்கு மட்டும் இட்லி கெடையாதாம்!" சந்திரமதியாக நடித்த அம்மா தன் இலையிலிருந்து நான்கு இட்லியைத் தூக்குவாளியில் போட்டு, முந்தானைக்குள் மறைத்து அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததை நான் பார்த்தேன். அப்பத்தாவும் பார்த்தது. "ராத்திரி அம்புட்டுப் பாடுபடுத்துனவனுக்குப் போயி... பொம்பள மனசு" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்த அம்மா இலையில் இன்னும் நான்கு வைத்தது.

அடுத்த வருடம் வள்ளி திருமணம். அதே மனிதர் நாடகத்துக்கு முன்னாலேயே, சாயங்காலமே கடைக்கு வந்துவிட்டார்.

"ஆத்தா, இந்தத் தடவ நான் நாரதரு. யாரையும் கொடுமப்படுத்த மாட்டேன்."

அப்பத்தா கொஞ்சம் யோசித்தது. "நாரதனா? அப்பக் கலகம் மூட்டுவ. ரெண்டு இட்லி தின்னுட்டுப் போ, சட்னி கேக்காத."