கிரிட் விழுந்த வாரம்

ஜூலை 30, 2012, திங்கள், மதியம்

ராத்திரி ரெண்டரை மணி வாக்குல ஃபேன் நின்னப்ப நானும் ரூம்மேட்டும் கண்ணக்கூட தொறக்கல. டெல்லி மயூர் விஹார்ல கரண்ட் போறது வர்றதெல்லாம் பழகினதுதான், இன்வெர்ட்டர் பாத்துக்கும்னு திரும்பிப் படுத்தாச்சு. விடியிறதுக்குள்ள இன்வெர்ட்டரும் கீ கீன்னு கத்தி செத்துப்போச்சு. பால்கனிக்கு வந்து பாத்தா எதிர் பிளாக், பின் பிளாக், மெயின் ரோடு எங்கயுமே ஒரு லைட்டு இல்ல. மொட்டை மாடியில பாதி அபார்ட்மென்ட் பாய் தலகாணியோட உக்காந்திருக்கு. ஹவுஸ் ஓனர் அங்கிள் யார் யாருக்கோ ஃபோன் போட்டுட்டு வந்து லூதியானாவுல தம்பி வீட்லயும் இல்ல, ஜெய்ப்பூர்ல சம்பந்தி வீட்லயும் இல்லன்னு சொன்னப்பதான் இது எங்க ஏரியா டிரான்ஸ்ஃபார்மர் சமாச்சாரம் இல்லன்னு உறைச்சுது.

ஆறு மணிக்கு மேல அம்மா ஃபோன். கரண்ட்ட பத்தி கேக்கப் போறான்னு பாத்தா, "எய்யா, நீ ரூம்லதான இருக்க? தமிழ்நாடு எக்ஸ்பிரஸு நெல்லூர்ல எரிஞ்சு கெடக்குன்னு டிவில காட்டுதானே"ன்னு அழுகை. எனக்கு டிக்கெட் நாளைக்குத்தான், அது அம்மாவுக்கும் தெரியும், ஆனாலும் குரலக் கேட்டாத்தான் நம்புவா. எரிஞ்சது சனிக்கிழமை ராத்திரி இங்கருந்து கெளம்பின வண்டி. எங்க மூணாவது மாடி திருச்சி அண்ணன் அதே வண்டியிலதான் அண்ணியையும் பாப்பாவையும் ஏத்தி விட்டுருக்காரு.

அடுத்த ரெண்டு மணி நேரம் எப்படிப் போச்சுன்னு எழுதவே கை வரல. டிவி இல்ல, நெட் இல்ல, அவரு ஃபோன்ல சார்ஜ் சுத்தமா இல்ல. அங்கிள் ஒண்ணும் பேசாம கீழ போய் காரை ஸ்டார்ட் பண்ணி சிகரெட் லைட்டர்ல சார்ஜரை சொருகி அண்ணனை முன்சீட்ல உக்கார வச்சாரு. எத்தன தடவ அடிச்சும் லைன் போகல. எங்கம்மா அங்க டிவி முன்னாடி உக்காந்து அடியில ஓடுற எழுத்தைப் படிச்சு எனக்குச் சொல்ல, நான் கார் ஜன்னல் வழியா அண்ணனுக்குச் சொல்ல, எஸ் 11 கோச்சுதான்னு தெரிஞ்சப்ப அவரு ஸ்டியரிங் மேல தலைய வச்சுட்டாரு. அண்ணி இருந்தது எஸ் 4. எட்டு மணிக்கு மேல அண்ணியே யாரோ ஒருத்தரோட ஃபோன்ல இருந்து கூப்பிட்டாங்க. அந்த கோச்சுல 30 பேருக்கு மேல போயிட்டாங்கன்னு அப்புறமா தெரிஞ்சுது.

ஜூலை 30, ராத்திரி

மத்தியானம் கரண்ட் வந்துருச்சு. ஆனா தண்ணி வரல, சுத்திகரிப்பு நிலையமும் நின்னுபோச்சாம். பூட்டான்ல இருந்து கரண்ட் வாங்கித்தான் ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் கொடுத்தாங்கன்னு நியூஸ். ககன் நாரங்குக்கு ஒலிம்பிக்ல வெண்கலம், அதை பாத்துட்டு துணி அடுக்கிட்டேன்.

ஜூலை 31, செவ்வாய், ராத்திரி, நியூ டெல்லி ஸ்டேஷன்

கிரிட்டு, அதான் பல மாநிலத்த ஒண்ணா கோத்திருக்கிற மின்சார வலை, மறுபடியும் விழுந்துருச்சு! நேத்து வட இந்தியா மட்டும்தான், இன்னைக்கு கிழக்கு, வடகிழக்குன்னு மூணு கிரிட்டும் சேந்து. ஆபீஸ்ல அரை நாள் லீவு சொல்லிட்டு மெட்ரோ ப்ளூ லைன்ல ரூமுக்கு வந்துட்டு இருந்தேன், ஒரு மணி சுமாருக்கு இந்திரபிரஸ்தா ஸ்டேஷன்ல நின்ன வண்டி நின்னதுதான், ஏசி சத்தம் அடங்கிருச்சு, கொஞ்ச நேரத்துல எல்லாரையும் இறங்கச் சொல்லிட்டாங்க. நல்லவேளை அந்த ஸ்டேஷன் மேல இருக்கு, சுரங்கத்துக்குள்ள மாட்டியிருந்தா புழுங்கிச் செத்திருப்போம். ரோட்டுக்கு வந்தா சிக்னல் ஒண்ணும் எரியல, ஐடிஓ பக்கம் பஸ்ஸும் ஆட்டோவும் ஒண்ணோட ஒண்ணு முட்டிகிட்டு நிக்குது, அந்த வெயில்ல யமுனா பாலத்த நடந்தே தாண்டினேன். கூட நடந்த ஒரு பெரியவரு நோன்பு வேற, எச்சிகூட முழுங்காம எனக்கு முன்னாடி போய்ட்டு இருக்காரு.

சாயங்காலம் அம்மா மறுபடியும், "அந்த வண்டி வேண்டாம்யா, பஸ்ஸுல கிஸ்ஸுல வந்துரு". டெல்லியில இருந்து கோவில்பட்டிக்கு பஸ்ஸு!

ஸ்டேஷன்ல இப்ப லைட் இருக்கு, வண்டிதான் லேட்டு. வழியில நின்ன ரயில் முன்னூறுக்கு மேலன்னு சொல்றாங்க, அதெல்லாம் நகந்தாத்தான நம்ம வண்டிக்கு வழி. நடுராத்திரி ஆகும்போல.

ஆகஸ்ட் 1, ரயில்ல

போபால் தாண்டியாச்சு. இந்தப் பக்கம் மேற்கு கிரிட்டு, அது ரெண்டு நாளும் தப்பிச்சிருச்சு. பேப்பர்ல 62 கோடி பேருக்கு கரண்ட் இல்ல, உலகத்துலயே இதுதான் பெருசுன்னு போட்டிருக்கான். மேற்கு வங்கத்துல நிலக்கரிச் சுரங்கத்துல மாட்டின 200 பேர் மாதிரி தொழிலாளிங்களை பத்திரமா மேல கொண்டுவந்துட்டாங்களாம். மின்சாரத் துறை மந்திரி ஷிண்டேய நேத்தே உள்துறை மந்திரி ஆக்கியாச்சு. கம்பார்ட்மென்டே சிரிக்குது. நடுவுல ஒருத்தர் எந்திரிச்சு எமர்ஜென்சி ஜன்னலை ஆட்டி ஆட்டிப் பாத்தாரு, அப்புறம் ஆளாளுக்குப் போய் ஆட்டிட்டு வந்தாங்க, நானும்தான்.

ஆகஸ்ட் 3, கோவில்பட்டி

நேத்து நெல்லூர் தாண்டறப்ப ஃபுல் வெளிச்சம். பேசிட்டு இருந்தவங்க பேச்ச விட்டுட்டு ஜன்னல் பக்கம் குமிஞ்சாங்க. ரெண்டு மூணு பேர் கும்பிட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் டெல்லி கதையெல்லாம் மூச்சு விடாம சொன்னேன். அம்மா முழுசாக் கேட்டுட்டு, "அப்படியா, சரி மாவு ஆட்டணும், கரண்ட் போறதுக்குள்ள"ன்னு எந்திரிச்சுப் போயிட்டா. சொன்ன மாதிரியே போச்சு. மாசி பங்குனில எட்டு மணி நேரம் வரைக்கும் போயிருக்கு, இப்ப ஆடிக் காத்துக்கு கயத்தாறு பக்கம் கரண்ட் எடுக்கிற காத்தாடியெல்லாம் சுத்தறதால பரவாயில்லையாம், காத்து நின்னா மறுபடியும் தலைவலிதான். எங்க ஊர் இருட்டை எந்த டிவிக்காரன் வந்து படம் புடிச்சான்? டைம் டேபிள் போட்டு நிறுத்தினா அது நியூஸ் இல்லபோல.

அத்தான் ஈபில லைன் இன்ஸ்பெக்டர். அங்க விழுந்தது இங்க ஏன் விழலன்னு கேட்டேன். "மாப்ள, வடக்கு கிழக்கு மேற்கு எல்லாம் ஒரே வடம் புடிச்ச தேரு, 50 ஹெர்ட்ஸ்ல, அதான் செகண்டுக்கு அம்பது துடிப்புல, சேந்து ஓடணும். ஒரு வடம் அறுந்தா பாரம் மத்ததுல ஏறும், அதுவும் அறும். நம்ம தெற்கு தனித் தேரு. நடுவுல டிசி லைன்தான், அது வழியா கரண்ட் வரும், அவங்க தடுமாத்தம் வராது"ன்னாரு. கூடிய சீக்கிரம் நம்மளையும் அதுலயே கோத்துருவாங்களாம். நல்லதா கெட்டதான்னு கேட்டதுக்கு, நல்லதுதான், கரண்ட் வாங்க வழி வேணும்லன்னு சொல்லிட்டு ஃபோன் வரவும் கரண்ட் கம்பம் பாக்கக் கெளம்பிட்டாரு.

ஆகஸ்ட் 18, டெல்லி

விசாரணைக் கமிட்டி அறிக்கை வந்திருக்கு. முத நாள் முதல்ல டிரிப் ஆனது பீனா - குவாலியர் 400 கேவி லைன். பக்கத்துல இன்னொரு சர்க்யூட்ட 765 கேவிக்கு மாத்துற வேலைக்காக ஆஃப் பண்ணி வச்சிருந்ததால ஒத்த லைன் அவ்வளவு பாரத்தையும் தாங்கியிருக்கு. இதுல எனக்கு புடிபடாம ரெண்டு தடவ படிச்ச இடம், லைன்ல கோளாறே இல்லையாம், கோளாறு வந்தா லைன தானா கட் பண்ற ரிலே, அதிக லோடைப் பாத்து கோளாறுன்னு நினைச்சு கட் பண்ணிருக்கு. மழை சரியில்லாத வருஷம், வடக்கு மாநிலமெல்லாம் அளவுக்கு மேல இழுத்துட்டு இருந்திருக்கு, குறைங்கன்னு சொன்னதுக்கும் சரியா குறைக்கல.

அங்கிள் ரெண்டாவது பேட்டரி வாங்கிட்டாரு. அதுக்காக அடுத்த மாசத்துல இருந்து வாடகைய ஏத்தப் போறாராம். அன்னைக்கு கார்ல சார்ஜ் போட்டுக் கொடுத்த மனுஷன், என்னன்னு பேரம் பேசுறது, ரூம்மேட்டைத்தான் அனுப்பணும்.