மேக்பெத் முதல் அங்கம்: அந்தச் சொல்லை முதலில் சொன்னது யார்?

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தபோது ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தை முதலில் நோட்ஸ் வழியாகத்தான் படித்தேன். ஸ்காட்லாந்துத் தளபதி மேக்பெத், தன் மன்னன் டங்கனைக் கொன்று அரியணை ஏறும் கதை அது. கதைச்சுருக்கமும் பாத்திரப் படைப்பும் தலைகீழ்ப் பாடம். கல்லூரித் தேர்வில், "சூனியக்காரிகள் மேக்பெத்தைக் கொலைக்குத் தூண்டினார்கள்" என்று எழுதிவைத்தேன். பேராசிரியை அந்த வாக்கியத்தின் கீழே கோடிட்டு, "எந்த வரியில்?" என்று மட்டும் எழுதியிருந்தார். அன்று இரவு மூலநூலை எடுத்து வைத்துக்கொண்டு மூன்றாம் காட்சியில் வரிவரியாகத் தேடினேன். அப்படி ஒரு வரி அங்கே இல்லை.

கிளாமிஸ் பிரபுவே, காவ்டர் பிரபுவே, இனி அரசனாகப் போகிறவனே என்று மூன்று சூனியக்காரிகளும் மேக்பெத்தை வாழ்த்துகிறார்கள். அவ்வளவுதான். சற்று நேரத்தில் காவ்டர் பட்டம் கிடைத்த செய்தி வருகிறது. உடனே மேக்பெத் தனக்குள் பேசத் தொடங்குகிறான். மயிர் கூச்செறிகிறது, நெஞ்சு விலா எலும்பில் மோதுகிறது என்கிறான். கொலை என்ற சொல் அந்தப் பேச்சில்தான், அவன் வாயிலிருந்துதான் வருகிறது. அருகிலேயே சக தளபதி பாங்கோ நிற்கிறான். அவனுடைய சந்ததியினர் அரசாள்வார்கள் என்று அவனுக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் அவனோ, இருளின் ஏவலர்கள் சின்னச் சின்ன உண்மைகளைக் காட்டி நம்மை வசப்படுத்திப் பெரிய காரியத்தில் கவிழ்த்துவிடுவார்கள் என்று எச்சரிக்கிறான். இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதல் அங்கத்தின் உயிர் அங்கே இருக்கிறது.

அதே காட்சியின் தொடக்கத்தைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். நானும் தாண்டியிருந்தேன். ஒரு மாலுமியின் மனைவி மடி நிறையச் செஸ்ட்நட் கொட்டைகளை வைத்துத் தின்றுகொண்டிருக்கிறாள். சூனியக்காரி ஒருத்தி கேட்டும் தராமல் விரட்டிவிடுகிறாள். அந்தக் கோபத்தில், அலெப்போவுக்குப் போயிருக்கும் அவள் கணவனைத் தூங்கவிடாமல் வாட்டுவேன் என்கிறாள் முதல் சூனியக்காரி. ஆனால் அவன் கப்பல் மூழ்காது, புயலில் அலைக்கழியும், அவ்வளவே என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். அவர்களுடைய சக்தியின் எல்லை எதுவென்று, மேக்பெத் மேடைக்கு வருவதற்கு முன்பே ஷேக்ஸ்பியர் சொல்லிவிட்டார்! இரண்டாம் அங்கத்தில் மேக்பெத் தூக்கத்தை இழக்கும்போது இந்த மாலுமியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் காட்சியில் போர்ச் செய்தி வருகிறது. ஒருமுறை படித்தால் போதும். நான்காம் காட்சியில் மட்டும் மேடைக் குறிப்பையும் விடாமல் பாருங்கள். துரோகம் செய்த பழைய காவ்டரைப் பற்றி, முகத்தைப் பார்த்து மனத்தை அறியும் கலை எதுவும் இல்லை, அவனை முழுமையாக நம்பியிருந்தேன் என்று மன்னன் டங்கன் வருந்துகிறான். அந்தப் பேச்சு முடிவதற்குள் புதிய காவ்டர், அதாவது மேக்பெத், உள்ளே வருகிறான். டங்கன் அவனையும் அப்படியே நம்புகிறான். இதை மேடையில் நடப்பதாகக் கண்முன் நிறுத்திப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. இதை எந்த நோட்ஸிலும் நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் காட்சியில் மேக்பெத்தின் மனைவியான மேக்பெத் சீமாட்டி படிக்கும் கணவனின் கடிதம் உரைநடையில் இருக்கிறது. அதைப் படித்து முடித்து அவள் பேசத் தொடங்கியதும் செய்யுள் வந்துவிடுகிறது. வாய்விட்டுப் படித்தால் காதே காட்டிக்கொடுக்கும்.

ஏழாம் காட்சிக்கு ஒரு மாலைப் பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். டங்கன் என் உறவினன், என் மன்னன், இன்று என் விருந்தாளி, நல்லவன் என்று கொல்லக் கூடாததற்கான காரணங்களை மேக்பெத்தே அடுக்குகிறான். தன்னை உந்துவது பேராசை ஒன்றுதான் என்றும், அது அளவுக்கு மீறித் தாவி மறுபக்கம் விழுந்துவிடும் என்றும் அவனுக்குத் தெரிகிறது. இந்தக் காரியத்தில் மேலே போக வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லியும் விடுகிறான். அவள் அவனுடைய ஆண்மையைக் கேள்வி கேட்கிறாள். பிறகு அவன் கேட்கும் கேள்வியைப் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். "இது தகுமா?" என்று அவன் கேட்கவில்லை. "தோற்றுப்போனால்?" என்றுதான் கேட்கிறான்.

இறுதித் தேர்வில் சூனியக்காரிகளைப் பற்றிய கேள்வியே வந்தது. என் விடையை அந்த மூழ்காத கப்பலிலிருந்து தொடங்கினேன்.