பர்மா வீட்டு டிரங்குப் பெட்டி

வியாசர்பாடிப் பக்கம் பர்மாவிலிருந்து வந்த வீடுகளில் குடும்ப வரலாறு எழுத உட்கார்ந்தால், முதலில் இடிப்பது வருஷம்தான். "எப்ப ஆயா வந்தீங்க?" என்றால், "நே வின் காலத்துல" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வருஷத்தைக் கேட்காதீர்கள். "கப்பல் ஏறும்போது பெரியப்பா இடுப்புல இருந்தாரா, நடந்தாரா? நூறு கியாட் நோட்டு செல்லாதுன்னதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்கள். நே வின் தலைமையில் ராணுவம் பர்மா ஆட்சியைப் பிடித்தது 1962 மார்ச். ரங்கூனில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது 1964 மார்ச். 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போனது அதே வருஷம் மே. இந்த மூன்றுக்கு முன்னோ, பின்னோ, நடுவிலோ எங்காவது பதில் வந்து உட்காரும்.

பெட்டியில் பழைய நோட்டு கிடைத்தால் உடனே 'தாத்தா கொண்டுவந்தது' என்று எழுதிவிடாதீர்கள். எண்ணைப் பாருங்கள். 75 கியாட் என்றால் 1985-இல்தான் வெளியானது. 1987-இல் அதுவும் செல்லாமல் போனது. கப்பலில் வந்தவர் கையில் அது இருந்திருக்க வழியே இல்லை. அங்கேயே தங்கிவிட்ட சொந்தம் யாரோ பிறகு வந்துபோயிருக்கலாம். அந்தக் கிளையைத் தேடுங்கள், பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான்.

முகவரியிலும் இதே சிக்கல். ரங்கூனின் 'மொகல் தெரு' என்று இன்றைய வரைபடத்தில் தேடினால் அகப்படாது. இப்போது அது ஷ்வே பொந்தா தெரு. டல்ஹௌசி தெரு மகா பந்தூலா சாலையாகிவிட்டது. ஊர்ப் பெயர்களும் அப்படித்தான்: மோல்மேன் இப்போது மாவ்லம்யைன், பாசின் பத்தேய்ன், பெகு பாகோ. ஆயா சொன்ன பெயரை அப்படியே எழுதி, புதுப் பெயரைப் பக்கத்தில் குறியுங்கள். திருத்தி எழுதினால் அடுத்த தலைமுறைக்கு ஆயாவின் பேச்சு போய்விடும்.

சமையல் குறிப்புதான் பலரும் ஏமாறும் இடம். மொய்ங்காவுக்கு (மீன் குழம்பு ஊற்றிய பர்மா நூடுல்ஸ்) 'ஒரு விசை கெளுத்தி' என்று எழுதியிருந்தால், எந்த ஊர் விசை? மெட்ராஸ் விசை 40 பலம், சுமார் 1.4 கிலோ. பர்மா விசை 100 டிக்கல், சுமார் 1.63 கிலோ. பர்மா விசையை மெட்ராஸ் விசை என்று நினைத்துப் போட்டால், மீன் கிட்டத்தட்ட கால் கிலோ குறையும். குழம்பு நீர்த்துப் போகும். உடனே வறுத்த கடலைமாவை அப்படியே கொட்டினால் கட்டி தட்டும். பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதி அடங்கியதும் கிளறிக்கொண்டே ஊற்றவும். வாழைத்தண்டை நார் எடுத்து மோரில் போட்டுவைக்காவிட்டால் கறுத்துப்போகும். குறிப்பை எழுதும்போது ஆயாவைக் கையால் அள்ளிக் காட்டச் சொல்லி, அதைத் தராசில் நிறுத்துவிடுங்கள். வாயால் சொல்வதும் கை அள்ளுவதும் ஒத்துவராது, கைதான் சரி.

கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை மட்டும் உரிக்காதீர்கள். முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் சற்றே சாய்த்து வைத்து கண்ணாடி வழியாகவே போட்டோ எடுங்கள். பிறகு பின்பக்க அட்டையைக் கழற்றிப் பாருங்கள், ஸ்டூடியோ முத்திரை இருந்தால் ஊர் தெரிந்துவிடும்.