யூ-48: போர்க்கால நாட்களைப் பின்தொடர்ந்து

செப்டம்பர் 5

இந்த மாதம் முழுக்க ஒரே ஒரு நீர்மூழ்கியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். யூ-48, ஜெர்மன் கடற்படையுடையது. இரண்டாம் உலகப் போரில் இதைவிட அதிகக் கப்பல்களை மூழ்கடித்த நீர்மூழ்கி வேறு இல்லை. 12 போர்ப் பயணங்களில் 50-க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள், 3 லட்சம் டன்னுக்கு மேல். இந்தக் கணக்கைச் சொல்லி வியந்து எழுதியவை ஏராளம். அது எப்படி நடந்துகொண்டது, அந்த நடத்தை எப்படி மாறியது என்பதைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன்.

1939, இதே நாள். பிரிட்டன் போர் அறிவித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கேப்டன் ஹெர்பர்ட் ஷுல்ட்ஸே, ராயல் செப்டர் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலைப் பீரங்கியால் சுட்டு நிறுத்தினார். மாலுமிகள் படகுகளில் இறங்கிய பிறகு டார்பிடோ விட்டார். அதோடு போய்விடவில்லை. அந்தப் பக்கம் வந்த பிரௌனிங் என்ற இன்னொரு கப்பலை மறித்தார். தங்களுக்கும் அதே கதிதான் என்று பயந்து அதன் ஆட்கள் படகுகளில் இறங்கிவிட்டார்கள். அவர்களைத் திரும்பக் கப்பலேறச் சொல்லி, படகுகளில் தவிப்பவர்களைப் போய்த் தூக்கச் சொன்னார். பிரௌனிங் பிரேசில் போய்ச் சேரும்வரை லண்டனுக்கு எதுவும் தெரியாது. அத்தனை பேரையும் கடலில் கொன்றுவிட்டார்கள் என்றே அங்கே நம்பினார்கள்.

செப்டம்பர் 11

ஃபர்பி என்ற கப்பல். இதையும் பீரங்கியால் சுட்டே நிறுத்தினார்கள், சிலருக்குக் காயம். அந்தக் காயங்களுக்கு ஜெர்மானியர்களே கட்டுப்போட்டு, ரொட்டியும் கொடுத்திருக்கிறார்கள். பிறகு ஷுல்ட்ஸே வானொலியில், மறைகுறி எதுவும் இல்லாமல் ஆங்கிலத்திலேயே, அன்று பிரிட்டிஷ் கடற்படைக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்த சர்ச்சிலின் பெயருக்குச் செய்தி அனுப்பினார்: ஃபர்பியை மூழ்கடித்துவிட்டேன், இடம் இன்னது, மாலுமிகளைக் காப்பாற்றுங்கள். சர்ச்சில் இதை நாடாளுமன்றத்தில் சொன்னார்.

சுட்டவரும் அவர்தான், காப்பாற்றச் சொன்னவரும் அவர்தான். இதைப் பெருந்தன்மை என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு நீர்மூழ்கி வானொலியைத் திறந்தாலே அது இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். அந்த ஆபத்தை அவர் ஏற்றார் என்பதையும் மறுக்க முடியாது.

செப்டம்பர் 14

ஓர் ஆண்டில் என்ன மாறியது? வணிகக் கப்பல்களில் பீரங்கி வந்தது. அவை கான்வாயாக, அதாவது ஒரே அணியாகச் சேர்ந்து, காவல் கப்பல்களோடு போயின. 1939 இறுதியில் ஜெர்மன் நீர்மூழ்கிப் படையின் தலைவர் டோனிட்ஸ் தன் நீர்மூழ்கிகளுக்கு 154-ஆம் நிலை ஆணையை அனுப்பினார். யாரையும் காப்பாற்றாதே, படகில் இருப்பவர்களைப் பற்றிக் கவலைப்படாதே என்பதுதான் அதன் சாரம்.

முறையும் மாறியது. பிரிட்டிஷ் அஸ்டிக் கருவி நீருக்குள் ஒலி அனுப்பி எதிரொலியை வைத்துத் தேடும். நீர்மட்டத்தில் மிதக்கும் நீர்மூழ்கியை அதனால் பிடிக்க முடியாது. ஆகவே இரவில் மேலே மிதந்தபடியே தாக்கினார்கள். நீருக்கடியில் பேட்டரியில் 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகம்தான். மேலே டீசலில் கிட்டத்தட்ட 18 நாட். பெரும்பாலான சரக்குக் கப்பல்களைவிட அது வேகம்.

செப்டம்பர் 17

இந்த நாளைத் தாண்டிப் போக முடியாது.

1940. யூ-48-க்கு இப்போது மூன்றாவது கேப்டன், ஹைன்ரிஷ் ப்ளைக்ரோட். இந்த நீர்மூழ்கியில் அவருக்கு முதல் பயணம். எதிரே ஓபி 213 கான்வாய். அதில் சிட்டி ஆஃப் பெனாரஸ், பம்பாய்க்குப் போய்வந்த சொகுசுக் கப்பல். குண்டுவீச்சிலிருந்து தப்பிக்கக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 குழந்தைகள் அதில் இருந்தார்கள்.

அன்று அதிகாலையிலேயே காவலுக்கு வந்த நாசகாரிப் போர்க்கப்பல் வேறு வேலைக்குப் போய்விட்டது. பெனாரஸ் வேகமான கப்பல். தனியாக விட்டிருந்தால் விரைந்து விலகியிருக்கும். கான்வாய்த் தலைவர் ரியர் அட்மிரல் மெக்கின்னன் எல்லாவற்றையும் ஒன்றாகவே, மெதுவான கப்பல்களின் வேகத்தில் நகர்த்தினார். அவரும் அன்றிரவே இறந்தார். இருந்தாலும் அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

இரவு பத்து மணிவாக்கில் புயற்காற்று. முதல் இரண்டு டார்பிடோக்கள் தவறின. அடுத்தது பின்பகுதியில் பாய்ந்தது. அரை மணி நேரத்தில் கப்பல் இல்லை. கரை 600 மைல் தொலைவில். 77 குழந்தைகள் இறந்தார்கள்.

குழந்தைகள் இருப்பது ப்ளைக்ரோட்டுக்குத் தெரியாது. அதை நான் நம்புகிறேன். விளக்கணைத்துப் போகும் பெரிய கப்பலாகத்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்; அப்படித் தெரிந்தால் போதும் என்பதே அந்தப் போர்முறை.

செப்டம்பர் 18

மறுநாள் பிற்பகல் ஹரிக்கேன் என்ற நாசகாரி வந்து நூற்றுச் சொச்சம் பேரை மீட்டது. கவிழ்ந்த படகின் அடிக்கட்டையை இரவு முழுக்கப் பிடித்துத் தொங்கிய பெஸ் வால்டர், பெத் கம்மிங்ஸ் என்ற இரு சிறுமிகளும் அதில் உண்டு.

கப்பல் ஊழியர்களில் 121 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள், லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்டவர்கள். அப்போது பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்திய மாலுமி. வெள்ளை மாலுமிக்குக் கிடைத்த கூலியில் சிறு பங்குதான் அவர்களுக்கு. குழந்தைகளைப் பற்றி உலகமே அழுதது, அழ வேண்டியதுதான். இவர்களைப் பற்றி அன்று எழுதியவர்களில் பலர், குளிரில் ஒடுங்கிக் கிடந்தார்கள் என்று குறை சொல்லத்தான் நினைவு வைத்திருந்தார்கள். வெப்ப நாட்டு உடையோடு வட அட்லாண்டிக்கில் நனைந்தவர் ஒடுங்காமல் என்ன செய்வார்? படிக்கும்போது கோபம் வந்தது.

செப்டம்பர் 25

எல்லாப் படகுகளையும் கண்டுவிட்டதாக ஹரிக்கேன் நினைத்தது. அது எடுத்த படகுகளில் ஒன்று, அதே இரவில் யூ-48 மூழ்கடித்த மரீனா கப்பலுடையது. அதனால் பெனாரஸின் 12-ஆம் எண் படகை யாரும் தேடவில்லை. 46 பேர்: ஆறு சிறுவர்கள், பியானோ ஆசிரியை மேரி கார்னிஷ், இன்னும் சிலர், மற்றவர்கள் இந்திய மாலுமிகள். எட்டு நாள் மிதந்தார்கள். குடிநீரைச் சொட்டுக் கணக்கில் பங்கிட்டார்கள். பையன்களின் கால்களைத் தேய்த்துவிட்டு, கதை சொல்லிச் சொல்லியே அவர்களைச் சோர்ந்துவிடாமல் வைத்திருந்தார் கார்னிஷ். சண்டர்லேண்ட் விமானம் ஒன்று தற்செயலாகப் பார்த்தது.

அக்டோபர் 17

எஸ்சி 7 கான்வாயை முதலில் கண்டது யூ-48. 35 கப்பல்கள் கனடாவிலிருந்து கிளம்பியவை. ப்ளைக்ரோட்டும் வானொலியைத் திறந்தார், ஆனால் கான்வாய் இருக்கும் இடத்தை டோனிட்ஸுக்குச் சொல்ல. மற்ற நீர்மூழ்கிகள் அங்கே திரண்டன. யூ-48 இரண்டு கப்பல்களை மூழ்கடித்துவிட்டு ஓட, ஸ்கார்பரோ என்ற காவல் கப்பல் அதைத் துரத்திப் போய், கான்வாயோடு மீண்டும் சேர முடியாமலே போனது. அடுத்த இரண்டு இரவுகளில் பெருநாசம். மொத்தம் 20 கப்பல்கள் போயின.

1941 கோடையில் யூ-48-ஐப் பயிற்சிக்கு ஒதுக்கினார்கள். எதிரி அதைக் கடைசிவரை மூழ்கடிக்கவில்லை. 1945 மே 3 அன்று ஜெர்மனியின் நாய்ஸ்டாட் துறைமுகத்தில் அதன் சொந்த ஆட்களே மூழ்கடித்தார்கள். அன்றைக்கே அதே விரிகுடாவில், நாஜி முகாம் கைதிகள் ஆயிரக்கணக்கில் அடைக்கப்பட்டிருந்த காப் அர்கோனா கப்பல் பிரிட்டிஷ் விமானத் தாக்குதலில் எரிந்தது.

போரில் இறந்த இந்திய மாலுமிகளின் பெயர்ப்பட்டியலுக்கு இரண்டு பிரதிகள்: ஒன்று மும்பையில், இன்னொன்று சிட்டகாங்கில். பெனாரஸில் இறந்த இந்திய ஊழியர்களின் பெயர்களில் கிடைப்பவற்றை அடுத்த பதிவில் முழுமையாக இடுகிறேன்.